எண்பத்து மூன்று மைல் வேகத்தில் என் பெயர்

8 ஜூலை 2018
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஷெல்பி அக்காவுக்கு,

உன் தங்கை லியானா எழுதுவது. நான் நலம். நீயும் நெப்ராஸ்காவில் நலம் என்று நடீன் சித்தி சொன்னாள். இந்த முகவரியும் அவள் கொடுத்ததுதான். கொடுக்கும்போதே, "நான் குடுத்தேன்னு சொல்லிடாத, அப்புறம் எங்கிட்டயும் பேச மாட்டா" என்றாள். சொல்லிவிட்டேன். சித்தியிடம் கோபித்துக்கொள்ளாதே.

நீ பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாயாம். குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறதாம். இந்த இரண்டையும் கேட்டபோது நான் சித்தி வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் குடிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். ஐம்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சரளைச் சாலையில் போவது லேசான வேலையில்லை. கோடை வகுப்புகளுக்கும் ஓட்டுகிறாய் என்றாள். அங்கே ஆலங்கட்டி மழை மோசம் என்று செய்தியில் காட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் உன் வண்டி நினைவுக்கு வருகிறது.

என் செய்தி: மே மாதம் பட்டம் வாங்கிவிட்டேன். ஸ்டில்ட்னர் குடும்பத்தில் யாரும் போடாத அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்திருந்தாள். பெயர்களை அகர வரிசையில் வாசித்தார்கள். முதியோர் இல்லத்துச் சமையல் வேலைக்கு மூன்று மணிக்குப் போக வேண்டும் என்று, 'எம்' எழுத்துப் பெயர்கள் முடிந்ததும், நம் 'எஸ்' வருவதற்கு முன்பே அம்மா கிளம்பிவிட்டாள். என் பெயரை வாசித்தபோது முன்பின் தெரியாத ஒரு குடும்பம் பாவப்பட்டுக் கை தட்டியது. அவர்களைப் பார்த்துத் தலையசைத்தேன். இப்போது சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கீழே இயந்திரங்கள் சுற்றுவதால் தரை லேசாக அதிரும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், அன்றைக்குத்தான் அறை ரொம்ப அமைதி. ஒரு சட்டி பீன்ஸும் சோள ரொட்டியும் செய்தால் நாலு நாளைக்கு வருகிறது. முன்பு நம் வீட்டில் அது ஒரு வேளைக்குக் காணாது.

வேலையும் கிடைத்தது. ஆகஸ்டில் இரண்டாம் வகுப்பு. அறைச் சாவியைக்கூடக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டுப் பிள்ளைகளின் பெயர்களையும் அட்டையில் எழுதி மேசைகளில் ஒட்டிவிட்டு வந்தேன். அதற்கு மூன்றாம் நாள் மாவட்டப் பள்ளி அலுவலகத்திலிருந்து கைசர் என்பவர் கூப்பிட்டார்.

அவர் மேசையில் என் விண்ணப்பம் இருந்தது. "எப்போதாவது குற்றத் தீர்ப்பு பெற்றதுண்டா?" என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்ற கட்டத்தில் நான் போட்ட குறி. பக்கத்தில் நீதிமன்றப் பதிவின் நகல். 2015 ஏப்ரல், எண்பத்தொன்றாம் நெடுஞ்சாலை, எண்பத்து மூன்று மைல் வேகம், கண்மூடித்தனமாக வண்டி ஓட்டிய குற்றம். லியானா ஸ்டில்ட்னர்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. உனக்குத் தெரியுமே, நான் எதுவும் செய்யாதபோதுதான் எனக்குக் குற்றவாளி முகம் வரும். கைசர் நல்ல மனுஷர். "பயப்படாதம்மா, வண்டி ஓட்டினதுல எனக்கு ஒண்ணுமில்ல. எம் பொண்ணே எண்பத்தாறு மைல் வேகத்துல போயி மாட்டினா, அவ அம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா 'இல்ல'ன்னு குறி போட்டு, கீழ உண்மைன்னு கையெழுத்தும் போட்டிருக்கியே. பிள்ளைங்க முன்னாடி நிக்கறவ பொய் சொல்லலாமா? அதைத்தான் பள்ளிக் குழுவுல கேப்பாங்க. பத்தொன்பதாம் தேதி காலைல பத்து மணிக்கு வந்து விளக்கம் சொல்லு."

ஏதோ பெயர்க் குழப்பம் என்றுதான் நினைத்தேன். நேராக நீதிமன்றத்துக்குப் போய், மூலச் சம்மனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் க்ளென்னா. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நம் இரண்டு பேருக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீ எந்தப் பொண்ணுடி? வாய் இருக்கறவளா, இல்லாதவளா?" என்றாள். இல்லாதவள் என்றேன். "அதானே, இருக்கறவளா இருந்தா நான் கேக்கறதுக்கு முன்னாடியே பத்து வார்த்த பேசியிருப்பா" என்று சொல்லிக்கொண்டே தாளை எடுத்து வைத்தாள்.

தாளில் சாம்பல் நிறக் கார், சனிக்கிழமை மதியம் இரண்டே முக்கால் மணி என்று இருந்தது. அந்த நேரத்தில் நான் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடியில் என் பெயரில் ஒரு கையெழுத்து. எழுத்துகள் எல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்து, காற்றடித்த வேலி மாதிரி. நம் வீட்டில் இடது கையால் எழுதுகிறவள் நீ ஒருத்திதான்.

க்ளென்னா, "இது உங் கையெழுத்துதானே கண்ணு?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் என்று எழுத ஆசை. ஆனால் எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள், க்ளென்னா கேட்டுவிட்டாள், இல்லை என்றால் அடுத்து ஒரு கேள்வி வரும். அந்த அடுத்த கேள்விக்குப் பயந்துதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தாளை மறுபடி படித்தேன். நீ விசாரணைக்குப் போகவில்லை. வராதவளுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டு அபராதத் தாளை அனுப்பியிருக்கிறார்கள். உன் பெயரில் வந்த எந்த அபராதத்தையும் நீ கட்டியதில்லை. கட்டாததால்தானே உன் உரிமத்தையே முடக்கிவைத்திருந்தார்கள், அதனால்தானே அன்றைக்கு உன் பெயரைச் சொல்ல முடியாமல் போனது. என் பெயரில் வந்ததை மட்டும் ஒன்பதாம் நாளே கட்டியிருக்கிறாய்.

அது எனக்காகச் செய்தது என்று புரிந்தது. கட்டினால் அழிந்துவிடும் என்று நம்பியிருக்கிறாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமைகளில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிறார்கள். திருமதி ராட்லிஃப் என்ற வக்கீல். கோலா பாட்டிலில் வேர்க்கடலையைக் கொட்டி, அதைக் குடித்தபடியே என் தாளைப் படித்தார். "தீர்ப்பு வந்து பத்து நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணியிருக்கலாம்மா. நீ என்னடான்னா ஒன்பதாம் நாளே பணத்தைக் கட்டிட்டுச் சும்மா இருந்துட்ட. ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு" என்றார். பதிவை அழிக்க வழியில்லையா என்று கேட்டேன். "இந்த மாநிலத்துல தீர்ப்பு வந்துட்டா வந்ததுதான். கல்யாணத்துக்கு வரும், வேலைக்கு வரும், சாவுக்கும் கூடவே வரும். கடைத்தெருவுல மாநில எல்லைக்குப் பதிச்சிருக்கற அந்தப் பித்தளைக் கோட்டத் தாண்டி டென்னசி பக்கம் நின்னு இதே வேகத்துல மாட்டியிருந்தா, அபராதம் கட்டிட்டு ஐஸ்கிரீம் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வர்ஜீனியாவுல எண்பதத் தாண்டினாலே கிரிமினல்" என்றார்.

நான் ஓட்டவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

அதற்கு ஒரு வழி இருக்கிறதாம், அக்கா. ஒருவரின் பெயரை இன்னொருவர் சொல்லி மாட்டியிருந்தால், பெயருக்கு உரியவர் மனுப் போட்டு அந்தப் பதிவை அடியோடு நீக்கச் சொல்லலாம். என்னைப் போன்றவர்களுக்கென்றே சட்டம் வைத்திருக்கிறார்கள். மனுப் போட்டுவிட்டதாகத் தாள் காட்டினாலே பள்ளிக் குழு பொறுத்திருக்கும் என்றார். ஆனால் நீதிபதி என்னைச் சத்தியம் செய்ய வைத்து, யார் என்று கேட்பார். சம்மனில் பிறர் பெயரைக் கையெழுத்துப் போடுவது வேகமாக ஓட்டியதைவிடப் பல மடங்கு பெரிய குற்றம். அதற்கு வழக்குப் போடக் காலக்கெடுவும் கிடையாது. அப்படி ஒரு தீர்ப்பு வந்தால் பள்ளிக்கூடப் பேருந்தின் பக்கம்கூட யாரும் போக முடியாது. இதை நானாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் நண்பர் ஒருவருக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் நம்பவில்லை.

"யாருன்னு தெரியுமா?" என்றார். நான் வேர்க்கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தெரிஞ்சா இப்பச் சொல்லாத. யோசிச்சுட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் அந்த ஆளுக்குக் கடுதாசி கிடுதாசி எழுதி வெக்காத, புரியுதா?" என்றார். புரிகிறது என்றேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

அன்று மாலை அம்மாவிடம் போனேன். நான் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள், "அதுவா? அதான் கட்டியாச்சே!" என்றாள்.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வாரமே நீ சொல்லியிருக்கிறாய். சித்திக்கும் தெரியும். மூன்று கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தட்டை எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீ மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவ. பேசவும் மாட்ட, விடவும் மாட்ட" என்றாள். பிறகு கரண்டியைக் காட்டி, "இங்க பாரு, உன் காயிதத்துக்காக உன் அக்காவப் பிடிச்சு ஜெயிலுக்குள்ள தள்ளப்போறியா? உனக்கு ஆயிரம் வேல கெடைக்கும். அவளுக்கு அந்த ஒரு பஸ்ஸுதான்" என்றாள். எனக்கு எந்த ஆயிரம் வேலை என்று கேட்கத் தோன்றியது. தட்டுகளைத் துடைத்து அடுக்கிவிட்டு நடந்தே வந்தேன்.

எனக்கு உன்மீது கோபம் இல்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். இருக்கிறது. நீ என் பெயரைச் சொன்னதற்கு இல்லை. போலீஸ்காரர் ஜன்னலில் வந்து நிற்கும்போது மனதில் முதலில் வருகிற பெயர்தானே வாயில் வரும். என் பிறந்த தேதியைத் தடுமாறாமல் சொல்லியிருக்கிறாய். அதற்கு அப்புறம் மூன்று வருஷம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பதிவைப் பற்றிய வெட்கத்தில்தான் நீ ஃபோனை எடுக்காமல் இருந்தாயா? உனக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குப் போனதால் என்று நினைத்தேன். நான் ஏதோ பெரியவள்போல நடந்துகொண்டேனோ என்று ஒவ்வொரு விடுமுறையாக எடுத்துவைத்து யோசித்திருக்கிறேன்.

பத்தொன்பதாம் தேதிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். நான்தான் ஓட்டினேன், வெட்கத்தால் "இல்லை" என்று குறி போட்டேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். பொய் சொன்னேன் என்று பொய் சொல்வது சுலபமாக இல்லை, ஒவ்வொரு முறையும் காது சிவந்துவிடுகிறது. அதற்குப் பின் அந்த வகுப்பறையைக் கொடுப்பார்களா என்றால், கொடுக்க மாட்டார்கள் என்றுதான் கைசரின் முகம் சொன்னது. பெயர் அட்டைகளைப் பிரிக்க வேண்டாம் என்று கேட்கப்போகிறேன். யார் வந்தாலும் பிள்ளைகள் அவர்களேதானே.

சம்பந்தப்பட்டவர் தானாகவே ஒரு வக்கீலோடு முன்வந்து சொன்னால் அரசு வழக்கறிஞர்கள் கொஞ்சம் இறங்கி வருவதுண்டு, ஆனால் உறுதி கிடையாது என்றும் திருமதி ராட்லிஃப் சொன்னார். அவர் சொன்னதால் எழுதுகிறேன். நான் கேட்கவில்லை. மேலே இருக்கிற வரியைத் திரும்பப் படித்தால் கேட்பதுபோலத்தான் இருக்கிறது. அப்படிப் படிக்காதே. நீ பேருந்து ஓட்டு. உன் பெயரை யாரிடமும் நான் சொல்லமாட்டேன், சத்தியம் செய்யச் சொன்னாலும்.

எனக்கு வேண்டியது வேறு. நீதிமன்றத்தில் வேண்டாம், குழுவிடம் வேண்டாம், எழுத்திலும் வேண்டாம். என்னிடம் ஒரு தரம் சொல், அன்றைக்கு ஓட்டியது நீ என்று. நான் பதிலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன், எனக்குத்தான் வாய் இல்லையே. கேட்டுக்கொண்டிருப்பேன். நம் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் உன் வாயால் கேட்டிருக்கிறார்கள்.

என் எண் மாறவில்லை. பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குத்தான் இங்கிருந்து கிளம்புவேன். உங்கள் நேரத்துக்கு எட்டரை. அதற்குள் உன் முதல் சுற்று முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். முடியவில்லையென்றால் அவசரப்படாதே, வண்டி ஓட்டும்போது ஃபோனைத் தொடாதே. உன் பேருந்தில் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் வீட்டு வாசலில் நல்லபடியாக இறங்கட்டும். நீயும்.

என்றும் உன் தங்கை,
லியானா