கமலாவின் கொண்டையில் பச்சைப் பென்சில்

14 ஜூன் 1996, வெள்ளி

"அது என் பென்சில்தானே?" என்று கமலாவிடம் இன்று நான் கேட்கவில்லை.

காலையில் பத்து பெரண்டாம் ஊரிலுள்ள எங்கள் ஆபீசுக்குள் அவள் நுழைந்தபோதே பார்த்தேன். கொண்டையில் கரும்பச்சைப் பென்சில் செருகியிருந்தாள். அந்த வகை இப்போது எங்கும் வருவதில்லை. என்னிடம் இருந்தது டுரியான் துங்கால் ஊர்க் கடையொன்றின் பழைய சரக்கில் கிளறி எடுத்தது. போன ஞாயிறு கமலா வீட்டுக்கு வந்து என் பென்சில்களையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். மறுநாள் அதைக் காணோம்.

நான் எப்போதும் கம்பெனிப் பெயர் அச்சிடாத முனையைத்தான் சீவுவேன். பென்சிலின் பெயர் கடைசிவரை நிற்கும். கொண்டைக்கு வெளியே தெரிந்த முனையில் பெயரே இல்லை. சீவி அழித்துவிட்டாளா?

"என்னா லா, என் கொண்டையவே பாக்குற? பேன் ஓடுதா?"

"இல்ல லா. பென்சில் ஏது?"

"ஆமா, பென்சில்னா மட்டும் உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்!" என்று சிரித்தாள். ஏது என்று சொல்லவில்லை.

மதியம் அதை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மாலையில் அவள் தேடியபோது நானும் மேசைக்கடியில் குனிந்து தேடினேன்.

வீட்டுக்கு வந்து, காணாமல்போன பென்சிலை வைத்திருந்த சின்னத் தகர டப்பாவைத் திறந்தேன். எழுதி எழுதித் தேய்ந்த என் பென்சில் அதில் சரியாக அடங்கும். இது அதைவிட நீளம். மூடி மூடவில்லை.