அப்பா வேலை பார்க்கும் கல்லூரி

ஜூலை 5, சனி

புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் வேலை. முதலில் அப்பாவின் கல்லூரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் அங்கே மெக்கானிக்கல் வாத்தியார். சேலையூரிலிருந்து கல்லூரி பஸ்ஸில் இருவரும் சேர்ந்தே போகலாம்.

தோசை சாப்பிடும்போது சொன்னேன். அப்பா தலை நிமிரவில்லை.

"எங்க காலேஜ் வேண்டாம். லிஸ்ட்லயே போடாத."

அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். "ஏங்க?"

"வேண்டாம்னா விடு."

பாதித் தோசையில் கை கழுவிவிட்டார். என் மார்க் போதாதா? நான் அங்கே வந்தால் அவருக்கு வெட்கமா? ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்விக் கண்காட்சி. என் தோழி ஜெனிஃபர் இழுத்துக்கொண்டு போனாள். அப்பா பரீட்சை டியூட்டி என்று காலையிலேயே கிளம்பியிருந்தார்.

உள்ளே ஒரே இரைச்சல். இலவசப் பை, இலவசப் பேனா, மோர். ஜெனிஃபர் சட்டென்று நின்றாள்.

"ஏய், உங்க அப்பாடி."

கல்லூரிப் பெயர் போட்ட மஞ்சள் டி-ஷர்ட்டில் அப்பா. அவரை டி-ஷர்ட்டில் நான் பார்த்ததே இல்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம், "சார், ஒரு நிமிஷம் சார்."

இரும்புலியூரிலிருந்து வந்த ஓர் அக்கா, மகளோடு. அப்பா அவரிடம்: "நல்ல காலேஜ்மா. லேப் எல்லாம் இருக்கு. தைரியமா சேருங்க." நேற்று வேண்டாம் என்ற அதே வாய்.

அக்கா, கூட்டத்தோடு பக்கத்தில் நின்ற என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீயும் இங்கதான் சேரப் போறியா? எப்டி கீது இந்தக் காலேஜு?"

அப்போதுதான் அப்பா என்னைப் பார்த்தார்.

"இல்லக்கா. அங்க வேலை பாக்குற சார் ஒருத்தரு தன் பொண்ணையே அங்க சேர்க்க மாட்டேங்கிறாரு."

நானா சொன்னேன்?

அக்கா அப்பாவிடம்: "இன்னா சார் இது?"

அப்பா கையிலிருந்த நோட்டீஸ் கட்டை மேஜைமேல் வைத்தார். பிறகு, "உண்மைதாம்மா. அந்த சார் நான்தான். இது என் பொண்ணு."

அக்காவின் மகள் கையிலிருந்த கல்லூரிப் பையை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். தன் நம்பரைச் சொல்லி, "கவுன்சிலிங்ல சந்தேகம்னா கூப்பிடுங்க" என்றார். பின்னால் கல்லூரி மேனேஜர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. அப்பாவை அப்போதே கிளம்பச் சொல்லிவிட்டார்.

என்னை வீட்டுக்குக் கூட்டிவரும் வழியில், கேம்ப் ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்தி அப்பா சொன்னார். மெக்கானிக்கலில் பிள்ளைகளே சேரவில்லை. லேப் பூட்டிக் கிடக்கிறது. போன வருஷத்திலிருந்து வாத்தியார்களுக்கு ஆள் பிடிக்கும் வேலைதான். இது அம்மாவுக்கும் தெரியாது.

ஜூலை 7, திங்கள்

அப்பா கல்லூரிக்குப் போன வேகத்தில் திரும்பிவிட்டார். அட்டைப்பெட்டியில் புத்தகங்கள், ஒரு டம்ளர். இனி வர வேண்டாமாம்.

அம்மா என்னிடம்: "வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா நீ?"

"அவளச் சொல்லாத. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் அப்பா.

கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது.

ஜூலை 15, செவ்வாய்

ஒருவழியாக மழை. என் வரிசை முடிந்தது. எலக்ட்ரிக்கல், அரசுக் கல்லூரிகள் முதலில். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தார்.

அப்போது ஃபோன். ஸ்பீக்கரில் போட்டார். இரும்புலியூர் அக்கா.

"பொண்ண சேத்துட்டோம் சார்!"

"சந்தோஷம்மா. எங்க?"

"உங்க காலேஜுலதான். கவுன்சிலிங்குக்குலாம் நிக்காம நேராவே சேத்துட்டோம்."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "அன்னிக்கே சொன்னேனேம்மா..."

"அங்க வந்தவங்க அல்லாரும் பொய் சொல்லிகினு இருந்தாங்க சார். நீங்க ஒர்த்தர்தான் பெத்த பொண்ணு எதிர்லயே உள்ளத சொன்னீங்க. இப்டி ஒரு வாத்தியாரு கீற எடத்துல புள்ளய வுட்டா பயமில்லன்னு அவங்கப்பாகிட்ட சொன்னேன். காலேஜ் தொறந்ததும் அவள உங்களாண்ட அனுப்பட்டா? எந்த ரூம்ல இருப்பீங்க?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார்? லைன்ல கீறீங்களா?"