வெள்ளைத் துணிப் படங்கள்

குஷாய்குடா,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள வர்ஷினிக்கு, அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, வெயிலும் இந்த வருஷம் ஏப்ரலிலேயே ஆளை உருக்குகிறது. உன் நலம் எப்படி என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை, ஆனால் அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், காரணம் படிக்கப் படிக்கத் தெரியும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் எதைக் கேட்டாலும் ஃபைன் அம்மா என்று ஒரு வார்த்தையில் கதவைச் சாத்திவிடுகிறாய், அப்பா வேறு என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார். எதிர்வீட்டு ஜெஸ்ஸி லீவு முடிந்து உன் அடிலெய்டுக்கே திரும்புகிறாள், அவள் கையில் இதையும் ஒரு டப்பா பருப்புப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். ஹைதராபாத் பள்ளியில் படித்த உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அதுவும் நல்லதுதான், இதை அவசரமாகப் படிக்கக் கூடாது.

முதலில் நல்ல சேதி. நீ கடைசியாக அனுப்பிய கரீனா நெபுலா படத்தை முடித்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததிலேயே இதுதான் சிறந்தது, இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாகவும்தான் இருக்கிறது. நீ அங்கே தோட்டத்தில் டெலஸ்கோப்பை வைத்து வானத்தின் ஒரே இடத்தை இரவெல்லாம் படம் படமாக எடுத்து அனுப்புவதும், நான் இங்கே உன் பழைய கம்ப்யூட்டரில் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டில் பதுங்கியிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுப்பதும், உனக்கு நேரமே இல்லை, எனக்கு ரிட்டயர் ஆனபின் நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று ஆரம்பித்த கூட்டு வியாபாரம்தானே. வழக்கம்போல நிறத்தில் சண்டை வந்தது. நீ சிவப்பைக் குறைக்கச் சொல்வாய், அப்பா இன்னும் ஏற்றச் சொல்வார், அவருக்கு நெபுலா என்றால் கல்யாண மண்டபத்து சீரியல் விளக்கு மாதிரி எரிய வேண்டும். நான் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. நடுவில் கறுப்பாகப் புகை திரண்ட மாதிரி இருக்குமே, அதன் ஓரத்தில் மெல்லிசாக ஒரு பொன்னிற விளிம்பு இருந்தது, அது அழிந்துவிடாமல் எடுக்க வேண்டும் என்பதற்காகவே மூன்று தரம் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நம் மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்க்கிற பாக்கியம் கிடையாது, தெற்கே அடிவானத்தை ஒட்டித் தலைகாட்டிவிட்டு இறங்கிவிடும், அந்த இடத்திலும் இப்போது புதிதாக ஒரு அபார்ட்மெண்ட் எழும்பிவிட்டது. அப்பா செகந்திராபாத் வரைக்கும் போய் அதைப் பெரிதாக அச்சடித்து வந்து ஹாலில் மாட்டியிருக்கிறார். என்னோடு வேலை பார்த்த முகமது யூசுப் வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, இதை எடுக்க உங்க பொண்ணு மேலேயே போயிட்டு வந்தாளா என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், ஹவ், ஆமாம் என்று அவர் பாஷையிலேயே தலையாட்டிவிட்டார்.

இனி நான் எழுத வந்த விஷயம். நாம் வீட்டில் வெள்ளைத் துணிப் படம் என்று சொல்வோமே, அதைப் பற்றி. விடிந்ததும் டெலஸ்கோப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் வாயில் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, வெளுத்த வானத்துக்கு நேராக வைத்து வெறும் படங்களாகக் கொஞ்சம் எடுக்கச் சொல்வேன். அவற்றில் நட்சத்திரம் எதுவும் இருக்காது, உள்ளே கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தூசியின் நிழல் மட்டும் இருக்கும், அதைக் கொண்டுதான் நல்ல படத்திலிருந்து தூசியைக் கழிக்க முடியும். அது இல்லாவிட்டால் நெபுலாவின் நெற்றியில் மெதுவடை மாதிரி வட்டம் வட்டமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நீயா அதை எடுக்கிறவள்? வெள்ளி, சனி இரவுகளில் எடுப்பாய், விடிவதற்குள் தூக்கம் கண்ணைச் சுழற்றிவிட்டது என்பாய். எப்போதாவது வாரநாளில் எடுத்தால், ஆபீஸ் ட்ரெயினுக்கு ஓடணும் அம்மா, நீயே பாத்துக்கோ என்பாய். நானும் பூதக்கண்ணாடியின் கீழ் சர்க்யூட் போர்டுகளை வைத்து முடியளவு விரிசலைத் தேடியே சர்வீஸை முடித்தவள், விடுவேனா, மவுஸைப் பிடித்து ஒவ்வொரு வடையாகத் தேய்த்து எடுத்துக்கொண்டே உன்னைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

இந்தத் தடவை ஒரு வடை கூட இல்லை வர்ஷினி. நட்சத்திரமெல்லாம் ஊசியால் குத்தினாற்போல் அத்தனை வட்டம். வெள்ளைத் துணிப் படங்கள் எல்லா இரவுக்கும் தனித்தனியாக வந்திருந்தன, துணியில் ஒரு சுருக்கம் கிடையாது. அப்பாவைக் கூப்பிட்டு, பாருங்க உங்க பொண்ணு திருந்திட்டா என்று சிரித்தேன். அவர் போனபிறகு ஒவ்வொன்றாகத் திறந்து அடுக்கும்போதுதான் உறைத்தது. செவ்வாய் எடுத்திருக்கிறாய், புதன் எடுத்திருக்கிறாய், வியாழனும் எடுத்திருக்கிறாய், அதற்கடுத்த வாரமும் அப்படியே. துணிப் படங்களோ, அவற்றில் பதிந்திருந்த நேரப்படி, நன்றாக விடிந்து வெயில் ஏறின பிறகு, சாவகாசமாக, பிடிக்காததை விட்டுத் திரும்ப எடுத்தவை. அந்த நேரத்தில் நீ ட்ரெயினில் இருக்க வேண்டும். சரி, லீவு போட்டிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மறுநாள் உன் ஆபீஸ் நேரத்தில் வேண்டுமென்றே போன் பண்ணினேன். மீட்டிங்கில் இருக்கேன் அம்மா என்று கிசுகிசுத்தாய். பின்னால் அந்த வெள்ளைக் கிளி கத்தியது, உன் துணி காயப்போடும் கொடியில் வந்து உட்கார்ந்து கிளிப்பையெல்லாம் கடிக்கும் என்பாயே, அதேதான். நான் சரி என்று போனை வைத்துவிட்டேன்.

உன் வேலை போய்விட்டது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் இந்தக் கிழவிக்கு வேறு வேலையில்லை என்று சிரித்துக்கொள். சரியாக இருந்தால் எனக்கு உன்மேல் கோபம் இல்லை, வருத்தமும் வேலையைப் பற்றி இல்லை. இத்தனை வாரமாக அதை நீ தனியாகச் சுமந்துகொண்டு, எங்களோடு சிரித்துச் சிரித்துப் பேசினாயே, அதுதான் தாங்கவில்லை. நான் ரிட்டயர் ஆன புதிதில் எப்படி இருந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. காலையில் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குத் தயாராக வாசலில் நிற்பேன், பிறகு உள்ளே வந்து எவர்சில்வர் தட்டுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வயதாகி மாலை போட்டு அனுப்பினார்கள், அதற்கே அப்படி இருந்தது. உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. போர்வைக்குள் சுருண்டுவிடாமல் டெலஸ்கோப்பிடம் போனாயே, அந்த மட்டில் உன்னை நினைத்துப் பெருமைதான். ஆனால் எல்லா இரவும் வேண்டாம் கண்ணு. நெபுலா எங்கேயும் போகாது. வாரத்தில் நாலு நாளாவது படுத்துத் தூங்கு, பகலில் சாதம் வடித்துச் சாப்பிடு, வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு இருக்காதே.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். அத்தை மகன் பாலாவுக்கு உன் கம்பெனியில் சொல்லிப் பார் என்று ஒவ்வொரு போனிலும் உன்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தாரே, பாக்கறேன்பா, பாக்கறேன்பா என்று நீ சொல்லும்போது எப்படித் தவித்திருப்பாய் என்று இப்போது புரிகிறது. அந்தக் கம்பெனியில் இப்போதைக்கு ஆள் எடுக்கவில்லை என்று அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன். அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். உனக்கு யார் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மேஜைமேல் இருந்த பாலாவின் பயோடேட்டாவை எடுத்து பீரோ மேலே போட்டுவிட்டு நடக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் உன் ஆபீஸைப் பற்றிப் பேசியதே இல்லை, கவனித்தாயா. சற்றுமுன் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து, யாருக்கு லெட்டர் என்றார். வர்ஷினிக்கு என்றேன். ஹாலில் மாட்டியிருக்கும் படத்தை நேராக்கி வைத்தார். பங்கனபள்ளி வர ஆரம்பிச்சாச்சு, மாம்பழ சீசன்லயே வந்துட்டுப் போகச் சொல்லு என்றார். எத்தனை வருஷமாக உன்னை ஊருக்குக் கூப்பிடுகிறார், லீவு கிடைக்குமானு கேளு என்று சொல்லாமல் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு லீவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. பருப்புப் பொடியில் பூண்டு போட்டிருக்கிறேன், நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடு. பெருமாள் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார், நம் பிள்ளைக்கு நல்ல வழி திறக்கும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் எனக்கு வெள்ளைத் துணிப் படம் வேண்டாம். வடையோடும் தூசியோடும் அப்படியே அனுப்பு, தேய்த்து எடுக்க நான் இருக்கிறேன், கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது. முதல் வரியில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறாய் கண்ணு? அதற்கும் துடைக்காமல் பதில் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா
வசந்தகுமாரி