இரண்டாவது டிரைவின் அடியில் நீங்கள் எழுதியது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டு என்ன செய்ய? எங்கள் சேதியைச் சொல்கிறேன். நம் மலையில், குண்டூர் நாட்டில் இந்த வருஷம் மிளகு பரவாயில்லை. என் தங்கச்சி, உங்கள் சரசு, வேளைக்குச் சாப்பிடுகிறாள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் போகாமல் இருந்தாள்.

பழைய சிப்புகளை நீங்களே பற்றவைத்து, சில்வர் ஓக் பலகையில் பெட்டி அடித்துச் செய்தது. என் தங்கச்சிக்குச் சக்களத்தி என்று கேலி செய்வேன். இங்கிலீஷ் மட்டும் தெரிந்த அதைத் தமிழ் எழுத வைக்கிறேன் என்பீர்கள். அதற்கும் சிரித்தேன்.

போன மாதம் சரசு ஒரு பிளாப்பியைக் கொண்டுவந்தாள். உறையில் உங்கள் கையெழுத்தில் அவள் பெயர். "இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

உள்ளே பூஞ்சை. நம் மலை ஈரம் தெரியாததா? அதோடு இருந்த வேறொன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை படித்தது. மறுதடவை பூச்சு உரிந்துவிட்டது. இதுவும் ஒரு தடவைதான் தாங்கும், படிக்கும்போதே நகல் எடுத்தாக வேண்டும். அதற்கு, மாட்ட உங்களுக்கு நாள் கிடைக்காமல் போன, பிளாப்பி போடுகிற இரண்டாவது டிரைவ் வேண்டும்.

மாட்டினேன். அதில் மிளகளவு ஜம்பர் ஒன்று இருக்கிறதே, டிரைவின் எண்ணைச் சொல்வது, அது தப்பான இடத்தில் இருப்பதாக நினைத்து, முதல் டிரைவில் உள்ளதுபோலவே மாற்றிவிட்டேன். நாமக்கல்லில் இருபது வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்த திமிர். கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு டிரைவுக்கும் ஒரே எண்தான். கேபிளில் உள்ள முறுக்குதான் அவற்றைப் பிரித்துக் காட்டும். உங்கள் கேபிளில் முறுக்கே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

"வெத்துப் பிளாப்பி போட்டுப் பாத்துட்டு நல்லதப் போடுங்க மச்சான்" என்று நச்சரிப்பீர்களே, அந்தப் பழக்கம் காப்பாற்றியது. ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் 'ஏனுங்க' என்று எழுந்து வந்தன. சரசுவின் பிளாப்பி உள்ளே இருந்திருந்தால் அதன் மேலேயும் எழுதி அழித்திருக்கும்.

டிரைவைக் கழற்றிக் கவிழ்த்தேன். அடியில் பென்சிலில்: 'மச்சான் இதை மாத்துவார். மாத்த வேண்டாங்க. இது ரெண்டாம் நம்பர்.'

சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. என்னை இவ்வளவு தெரிந்தும் எப்படிக் கூடவே வைத்துக்கொண்டீர்கள்?

ஜம்பரைப் பழையபடி போட்டு, சரசுவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் டிரைவ் படித்தது, இரண்டாவது எழுதியது. முடிந்ததும் உங்கள் பிளாப்பியை உருவினால் பழுப்புப் பொடி உதிர்ந்தது. அதன் ஆயுசு அவ்வளவுதான்.

நகலைப் போட்டேன். புள்ளி புள்ளியாகத் திரையில் தமிழ் வந்தது. சரசு. வேறொன்றுமில்லை. அந்த மூன்று எழுத்துக்கு எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் மாப்பிள்ளை?

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரை அணைந்ததும் மெல்லச் சொன்னாள்: "இன்னொருக்கா போடுங்கண்ணா."

போட்டேன். போட முடிந்தது. அதற்கு உங்களுக்குத்தான் நன்றி.

வருஷா வருஷம் மழைக்கு முன்னால் புது நகல் எடுத்து வைப்பேன். ஜம்பரைத் தொட மாட்டேன்.

நீங்கள் சொன்னதை இப்போதாவது கேட்கிற,
உங்கள் மச்சான்