நிலாச் சீட்டு

1958 அக்டோபர் 20, திங்கள்

காலையிலிருந்து தூறல். தசரா விடுமுறை. நாளை ஆயுத பூஜை, அதனால் அப்பாவின் சைக்கிளைத் துடைக்கும் வேலை என் தலையில். செயினில் இருந்த கிரீஸ் முழுவதும் இப்போது என் பாவாடையில். சைக்கிளோடு சுவிட்சுப் பெட்டிச் சாவிக்கும் நாளை குங்குமம் உண்டு. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் பக்கத்துச் சந்து விளக்குகள் எல்லாம் அந்த ஒரு சாவியில்தான்; தினமும் ஆறு மணிக்கு அவற்றைப் போடுவதுதான் அப்பாவின் வேலை.

செய்ய வேண்டியவை: 1. கணக்கு, பயிற்சி 14. 2. பாவாடைக்கு மண்ணெண்ணெய். 3. நிலாச் சீட்டு.

நிலாச் சீட்டு என்பது நாங்கள் வைத்த பெயர். மாதாமாதம் அப்பாவின் ஆபீஸிலிருந்து ஆங்கிலத்தில் டைப் அடித்து வரும். பௌர்ணமியை ஒட்டி ஐந்து நாள் சந்து விளக்குகள் எரியக்கூடாது, மெயின் ரோடு மட்டும் எரியலாம். கரண்ட் மிச்சம். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வேலையில் சேரும்போது "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டார். பதினொரு வருடமாக அது ஆபீஸுக்குத் தெரியாத ரகசியம். முன்பெல்லாம் ரேஷன் கடை குமாஸ்தா தமிழில் எழுதித் தருவாராம். ஜூன் முதல் நான், அட்டையில், சிவப்பு மையில்.

அக்டோபர் 21, செவ்வாய்

பூஜை. பொரி, கடலை.

சீட்டில் ஒரு தப்பு கண்டுபிடித்தேன்! இருட்டு நாட்கள் 23 முதல் 27 வரை என்று போட்டிருக்கிறது. பஞ்சாங்கத்தில் பௌர்ணமி 27. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு நிலா எவ்வளவு பெரிதோ, இரண்டு நாள் பின்பும் அவ்வளவேதான் என்று பூகோளப் புத்தகத்தில் படமே இருக்கிறது. அப்படியானால் பௌர்ணமி நடுவில் வர வேண்டாமா? டைப் அடித்தவர் கவனிக்கவில்லை போல. அட்டையில் 25 முதல் 29 என்று திருத்தி எழுதினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. எல்லாம் சரியாக நடந்த பிறகு சொல்லலாம் என்று.

அக்டோபர் 23, வியாழன்

நல்ல நிலா. விளக்கும் எரிகிறது. எதிர்வீட்டு ராஜம்மாக்கா (மில்லில் நூல் சுற்றும் வேலை) வாசலில் நின்று அப்பாவிடம் சத்தமாக:

"என்னாண்ணா, நிலா மூஞ்சி சரியா தெரியலன்னு லைட்டு அடிச்சிப் பாக்கிறியா?"

"சீட்டுல அப்டிதாம்மா இருக்குது."

"சீட்டு எழுதினவன் குருடனா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 25 வரட்டும் என்று இருந்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

பௌர்ணமி. விளக்கில்லாத சந்து பால் கொட்டியது போல். குழாயடிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய்க்காகப் பள்ளம் வெட்டுகிறார்கள். மண் எல்லாம் எங்கள் வாசலில். அம்மாவுக்குக் கோபம்.

அக்டோபர் 29, புதன்

மாலை மழை, ஆறு மணிக்கு வெறித்தது. அப்பா வானத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"இன்னிக்கும் போடக் கூடாதா? சீட்டுல இருக்குதா வசந்தி?"

"இருக்குப்பா."

ஆறரைக்குக் கும்மிருட்டு. நிலா வரவே இல்லை. முதலில் பயம். பிறகு குழாயடிக் கல் மேல் ஏறி நின்று அண்ணாந்தேன். மில் பக்கம் மட்டும் வானம் மஞ்சளாக இருந்தது. தலைக்கு மேலே, வடக்கிலிருந்து தெற்காக, மாவு சிந்தியது போல ஒரு வெள்ளை. பால்வீதி! புத்தகத்தில் படித்ததுதான், நம் சந்துக்கு மேலும் இருக்கும் என்று நினைத்ததில்லை. தினமும் விளக்குக்குப் பின்னால் இருந்திருக்கிறது. கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு, அம்மாவை அழைத்துவர வீட்டுக்குள் ஓடினேன்.

அப்போதுதான் அலறல். மில்லிலிருந்து வந்த ராஜம்மாக்கா பள்ளத்தில். வலது கை.

மேலே எழுத முடியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

பள்ளி திறந்தாயிற்று. ஒன்றும் காதில் ஏறவில்லை.

ரா. அக்காவுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் மில் கிடையாது. சந்துக்காரர்கள் ஆபீஸுக்கே போய்க் கத்தியிருக்கிறார்கள். அப்பாவுக்கு மெமோ. திங்கள் மாலை ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

இன்று விளக்கு எரிந்தது. கடிகாரத்தோடு வாசலில் உட்கார்ந்தேன். நிலா கூரைகளுக்கு மேலே வர எட்டே முக்கால். புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். வடிவம் பற்றியதை மட்டும் படித்திருக்கிறேன். உதிக்கும் நேரம் அடுத்த பக்கத்தில்: பௌர்ணமிக்குப் பின் நாளுக்கு நாள் தாமதம். சீட்டு பௌர்ணமியோடு நின்றது சரி. நான்தான் தப்பு.

அக்டோபர் 31, வெள்ளி

சொல்லிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. அட்டையை நீண்ட நேரம் பார்த்தார். அம்மாதான்: "அட்டைய காட்டினா, இவ்ளோ நாளு எப்டிய்யா படிச்சேன்னு கேப்பாங்க. மறந்துட்டேன்னு சொல்லிடு. ஒரு நாளு சம்பளம் புடிப்பான், அவ்ளோதானே."

அப்பா தலையாட்டினார். தப்பு என்னுடையது, மறதி என்ற பெயர் அவருக்கு.

நவம்பர் 1, சனி

ரா. அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டு, மூன்றாம் முறை. எல்லாவற்றையும் சொன்னேன். பால்வீதியையும்.

அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் தூக்கி வைத்தார். பிறகு: "நான் உள்ள கெடந்து கத்தறேன், நீ வானத்த பாத்துனு நின்னியா?"

"நீங்க விழறதுக்கு முன்னாடிக்கா."

"பெரிய வித்தியாசம்." இடது கையால் என் காதைப் பிடித்துத் திருகினார். நிஜமாகவே வலித்தது. "படிச்ச கழுத. வா, தல பின்னி உடு. ஒத்தக் கையில முடியல."

கட்டு அவிழும்வரை தினமும் வர வேண்டுமாம், தலை பின்ன, தண்ணீர் தூக்க. சரி என்றேன். மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

அக்காவுக்கு நான்கு குடம். அப்பாவுக்கு நாள் முழுக்க ஒரே வேலை: சாவியை எடுத்துத் துடைத்து, மாட்டி, மறுபடி எடுத்து. அம்மா: "மறந்துட்டேன், அந்த ஒரு வார்த்த. வேற வாயே தொறக்காத."

நவம்பர் 3, திங்கள்

பள்ளி விட்டதும் நேரே ஆபீஸுக்கு ஓடினேன். வேப்பமரத்தடியில் நின்றேன். ஜன்னல் வழியே இன்ஸ்பெக்டரின் குரல் மட்டும் கேட்டது, கன்னடத்தில்: "ஏனய்யா, மரெத்து ஹோயித்தா?" மறந்துவிட்டதா என்கிறார். அப்பாவின் பதில் கேட்கவில்லை. மிக மெதுவாகப் பேசுகிற மனிதர்.

வெளியே வந்தபோது இடுப்பில் சாவி இல்லை.

பாதி வழிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். பிறகு: "மறந்துட்டேன்னு சொல்லத்தான் போனேன். வாய் வரல. பதினொரு வருஷத்துல ஒரு நாளு மறந்திருக்கேனா? இங்கிலீஷ் வராது சார்னு சொல்லிட்டேன்."

"வேலை?"

"நாளையிலேர்ந்து ஏணி கோஷ்டி. பல்பு மாத்தறது. ஏணிக்கு எழுத்து தேவையில்ல."

"என்னாலதானேப்பா?"

"ஆமா," என்றார். இல்லை என்று சொல்லுவார் என்று நினைத்திருந்தேன்.

வீடு வந்ததும் அம்மா காபி வைத்தாள். அப்பா குடிக்காமல் வாசற்படியில் நின்றார். விளக்கு எரியும் நாளில் இந்த நேரத்துக்கு அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டினார், அவிழ்த்தார். சந்து இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் விளக்குகள் எரிந்தன.

உள்ளே திரும்பி என்னிடம் மணி கேட்டார். ஆறு பத்து என்றேன்.

"பத்து நிமிஷம் லேட்டு."