சைக்கிள் கொட்டகைக்கு ஒரு குளிர்காலம்

நவம்பர் 4, செவ்வாய்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மாலையில் குடியிருப்போர் கூட்டம். காபி, ஏலக்காய் பன், பாதி வீட்டுக்காரர்கள். எல்லாரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தலையை நிமிர்த்தினால் ஏதாவது ஒரு பொறுப்பைத் தலையில் கட்டிவிடுவார்கள். தலைவர் ரெய்யோ மூன்றாவது தீர்மானத்தை வாசித்தார். எனக்கு நேர் மேல் வீடு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சிரித்து நான் பார்த்ததில்லை. தீர்மானம் இதுதான்: சைக்கிள் கொட்டகையை இடித்துவிட்டு அங்கே நான்கு கார் நிறுத்தலாம். ஒவ்வொரு காருக்கும், குளிரில் உறைந்த இஞ்சினைச் சூடேற்ற பிளக் வைத்த ஒரு கம்பம்.

இரண்டு கார் வைத்திருக்கும் மூன்றாம் மாடி லாஸ்ஸே பலமாகத் தலையாட்டினான். அவனுக்கென்ன. கொட்டகை இருப்பது என் படுக்கையறை ஜன்னலை ஒட்டி. விடிகாலையில் நான்கு கார்கள் உறுமும், புகை நேராக என் தலையணைக்கு வரும்.

"குளிர்காலத்துல ஊரே சைக்கிள் ஓட்டுது. நம்ம கட்டடத்துல ஒருத்தரும் தொடுறதில்ல. பூட்டி வெச்ச கொட்டகைக்கு எதுக்கு இடம்?" என்றார் ரெய்யோ.

"நான் ஓட்டுவேன்" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்க்கப் போனேன். என் குரல்தான்.

"எத்தன நாள்?"

"குளிர்காலம் முழுக்க. வேலைநாள் ஒண்ணு விடாம."

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். இந்த ஊரில் கூட்டக் குறிப்பில் ஏறிய வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. நான் ஒரு நாள் தவறினாலும் மார்ச் கூட்டத்தோடு கொட்டகை போச்சு.

அறுபத்தோரு வயது எனக்கு. அக்டோபர் பிறந்தால் சைக்கிளைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்காருகிறவள்.

நவம்பர் 5, புதன்

ஹென்னாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை பார்க்கிறவள், தொட்டில் பருவத்திலிருந்தே பனியில் சைக்கிள் ஓட்டுகிறவள் போல. உருளைக்கிழங்கு வெந்து வடிக்கிற வரைக்கும் சிரித்தாள்.

"அக்கா, பனியில வழுக்காம இருக்க ஆணி டயர் வாங்குங்க. அப்புறம் வளையும்போது பிரேக் பிடிக்காதீங்க. அப்புறம் வீறாப்பைக் கொஞ்சம் வீட்டுலயே விட்டுட்டு வாங்க."

ஆணி டயர் வாங்கிவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

முதல் பனி. இத்தனை நாள் வெறும் சாலையில் டயர் ஆணிகள் அரிசி பொரிகிற மாதிரி சத்தம் போட்டன. இன்று முற்றத்துப் பனிமேல் ஏறியதும் சத்தம் அடங்கியது. நன்றாகத்தான் இருந்தது — வாசல் வரைக்கும்.

வாசல் வளைவில் பிரேக் பிடித்தேன். விழுந்தேன். ரெய்யோவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. மேலே விளக்கு எரிந்தது, அவர் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார். உடனே எழுந்தால் விழுந்தது உண்மையாகிவிடும். அதனால் மண்டியிட்டபடியே பனியைத் துழாவி, ஏதோ தொலைத்தவள் போல நடித்தேன். தேடியது கிடைத்துவிட்ட பாவனையில் கோட்டுப்பையில் எதையோ போட்டுக்கொண்டு கிளம்பினேன். எதை என்று பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தேன். ஒரு பனிக்கட்டி. பை முழுக்க ஈரம்.

டிசம்பர் 2, செவ்வாய்

பனி அள்ளும் வண்டி இன்று தாமதம். முழங்கால் வரை பனி. பாதி தூரம் தள்ளிக்கொண்டு போனேன். தள்ளினால் ஓட்டினதாகுமா? குறிப்பில் 'ஓட்டுவேன்' என்றுதான் இருக்கிறது. மனசு கேட்கவில்லை. பள்ளி வாசலில் கொஞ்சம் பெருக்கியிருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து, குப்பைத் தொட்டி வரைக்கும் ஓட்டினேன்.

ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் பார்த்துக் கைதட்டினார்கள். யார் கேட்டது.

டிசம்பர் 11, வியாழன்

ஒரு விஷயம் புரியவில்லை. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. முற்றம் முழுக்க வெள்ளை. கொட்டகைக் கதவிலிருந்து வாசல் வரைக்கும் மட்டும் ஒரு சைக்கிள் அகலத்துக்குச் சுத்தமாக வழி. இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டின மாதிரி.

பனி அள்ளும் ஒப்பந்தக்காரர் ஆள் எட்டு மணிக்கு முன்னால் வருகிறவர் இல்லை. யார்?

வேலையில் பட்டாணி சூப். இந்த ஊரில் வியாழன் என்றால் பட்டாணி சூப். இதிலாவது குழப்பம் இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

என் சைக்கிளை யாரோ தொடுகிறார்கள். நேற்று கொட்டகைப் பூட்டு உறைந்து, சாவியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன். இன்று வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திறந்தது. செயினிலும் புது எண்ணெய். லாஸ்ஸேயாக இருக்குமோ? எண்ணெய் போடுகிற சாக்கில் எதையாவது கழற்றிவிட்டிருப்பானோ? ஒவ்வொரு திருகாகத் திருகிப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. முன்பைவிட இறுக்கமாக.

நேரில் போய் ஒவ்வொரு வீடாகக் கேட்பதாவது. சாதாரண மனிதர்கள் செய்கிறபடி கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்.

'என் சைக்கிளை யாரோ தொடுகிறார்கள். வேண்டாம். — அய்லா, முதல் வீடு.'

டிசம்பர் 17, புதன்

என் தாளின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கிறது:

'செயின் காய்ந்திருந்தது.'

பெயர் இல்லை. திமிரைப் பார்.

ஜனவரி 8, வியாழன்

மைனஸ் இருபத்தேழு.

கியர் கம்பி உறைந்து, இருப்பதிலேயே சின்ன கியரில் மாட்டிக்கொண்டது. கால் பம்பரமாகச் சுற்றுகிறது, சைக்கிள் நகர மாட்டேன் என்கிறது. ஆற்றுப் பாலத்தின் மேல் நாயோடு நடந்துபோன ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது. அவர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மூச்சு உறைந்து, கழுத்துத் துணி கோட்டு ஜிப்போடு ஒட்டிக்கொண்டது. பேச வாய் திறக்க முடியவில்லை. ஹென்னா என்னைப் பிடித்து, தட்டு கழுவும் இயந்திரத்தின் ஆவிக்கு நேராக நிறுத்தினாள்.

"இப்படியே விட்டுடலாமா அக்கா? சமையலறை எவ்ளோ அமைதியா இருக்கு."

வாய் கழன்றதும் பதில் சொன்னேன். இங்கே எழுதக்கூடியதில்லை.

ஆனாலும் — பாலத்தில் நின்றபோது ஆற்றிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. கரை மரங்களெல்லாம் வெள்ளை. ஊரில் ஒரு சத்தம் இல்லை. இத்தனை வருஷம் பஸ் ஜன்னல் நீராவியை விரலால் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை எவனும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபமாக வந்தது.

ஜனவரி 22, வியாழன்

வழி போடுகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று விடியுமுன் விளக்கைப் போடாமல் ஜன்னலோரம் காத்திருந்தேன். ரெய்யோ! பனியை வாரித் தள்ளும் பெரிய பனிவாரியைத் தள்ளிக்கொண்டு கொட்டகையிலிருந்து வாசலுக்குப் போகிறார், வருகிறார். தொப்பியின் காதுகளைக் கீழே இழுத்துக் கட்டியிருந்தார்.

கொட்டகையை இடிக்கத் துடிக்கிறவர் எனக்கு ஏன் வழி போடுகிறார்? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஜன்னலைத் திறந்து கேட்டிருக்கலாம். ஆனால் அவர் நான் பார்க்காத நேரத்தில் செய்கிறார், அப்படியென்றால் நான் பார்க்கவில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

படுக்கையில் கிடந்தபடி எழுதுகிறேன். காய்ச்சல் முப்பத்தொன்பது டிகிரி செல்சியஸ். நேற்றிரவு தொடங்கியது. காலையில் ஹென்னாவுக்குப் போன் செய்து வர முடியாது என்றேன். வைத்தபிறகுதான் உறைத்தது. இன்று வேலைநாள்.

குறிப்பில் 'வேலைநாள் ஒன்று விடாமல்' என்று இருக்கிறது. எங்கே ஓட்டுவேன் என்று இல்லை. இரவு அங்கிக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். சைக்கிளை எடுத்தேன். ஒரு சுற்று வந்தேன். இரண்டாவது சுற்றில் குப்பைத் தொட்டிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

மேலே ஜன்னல் திறந்தது.

"உள்ள போம்மா. நீ செத்துட்டா கூட்டத்தைத் தள்ளிவெக்கணும்."

"இன்னிக்குக் கணக்குக்கு ஓட்டுறேன்."

"தெரியுது. நிறுத்து."

நிறுத்தவில்லை. விழுந்தேன். இந்த முறை எதையும் தேடுகிற மாதிரி நடிக்கத் தெம்பில்லை. மல்லாந்து கிடந்தேன். பனி சுகமாக இருந்தது.

ரெய்யோ வந்தார். வந்த விதம்தான் மறக்காது. ஒரு கை சுவரில். சுவர் முடிந்த இடத்தில் நின்றுவிட்டார். முற்றத்தைப் பார்த்தார், ஆற்றைக் கடக்கிறவர் பார்க்கிற மாதிரி. அப்புறம் குடித்தவர் போல இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து வந்து சேர்ந்து, என் சைக்கிளை நிமிர்த்தி ஹேண்டிலைப் பிடித்தார். பிடித்ததும் நேராக நின்றார்.

"காதுக்குள்ள ஏதோ கோளாறு. மூணு வருஷமாச்சு. எதையாவது பிடிச்சுத் தள்ளினா நேரா நடப்பேன். கைய விட்டா உலகமே சுத்துது."

"அதான் பனிவாரியா?"

பார்த்துவிட்டேன் என்று சொன்னதாகிவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குப்பைத் தொட்டிகளைப் பார்த்தோம்.

"எனக்கு ஏன் வழி போட்டீங்க? கொட்டகை வேணாம்னு சொன்னவரு நீங்கதான."

"அது தலைவர் வேலை. வழி அடைச்சிருந்துச்சு, அதான் தோத்தேன்னு நீ சொல்லிருவ. தோத்தா ஒழுங்கா தோக்கணும்."

"செயினு?"

கொட்டகையின் உள்மூலையைக் கைகாட்டினார். அங்கே துணி போர்த்திய ஒரு பச்சை சைக்கிள் நிற்கும். யாரோ விட்டுவிட்டுப் போனது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"ஊருக்கு முதல் பஸ்ஸ ஓட்டினவன் நான். முதல் பஸ்ஸ ஓட்டுறவன் டிப்போவுக்கு எதுல போவான்? முப்பது குளிர்காலம் அதுலதான் போனேன். இப்ப தினம் ஜன்னல்ல நின்னு அந்தக் கதவப் பாத்துக்கிட்டு காபி குடிக்கிறேன். கார் நின்னா அது கண்ணுல படாதுன்னு பாத்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ச்சலால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

"மூணு சக்கர சைக்கிள் இருக்கே. விழாது."

"அது கிழவனுங்களுக்கு" என்றார் எழுபத்து நான்கு வயது ரெய்யோ.

என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே அவர் நடக்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் நடக்க, வாசல்படி வரை வந்து சேர்ந்தோம். யார் யாரைக் கொண்டுவந்தது என்று தெரியாது.

பிப்ரவரி 13, வெள்ளி

காய்ச்சல் இறங்கவில்லை. முற்றத்தில் ஒரு சுற்று. ரெய்யோ ஜன்னலில் நின்று ஒரு விரலைக் காட்டினார். போதும் என்று அர்த்தம்.

மார்ச் 18, புதன்

கூட்டம். காபி, ஏலக்காய் பன். வழக்கம்போல எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லாஸ்ஸே எழுந்தான். "பிப்ரவரியில ரெண்டு நாள் அவங்க வேலைக்கே போகல. சைக்கிள் இங்கயேதான் நின்னுச்சு. நான் பாத்தேன்."

போச்சு. விடிகாலைக் கார்கள் காதுக்குள் உறுமத் தொடங்கிவிட்டன.

ரெய்யோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறிப்பை வாசித்தார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. "'வேலைநாள் ஒண்ணு விடாம ஓட்டுவேன்.' வேலைக்கு ஓட்டுவேன்னு இதுல இல்ல. ரெண்டு நாளும் முற்றத்துல ஓட்டினாங்க. சாட்சி நான்."

"எத்தன சுத்து?" என்றான் லாஸ்ஸே.

"மொத நாள் ஒண்ணரை. மிச்ச அரையில விழுந்துட்டாங்க. விழக்கூடாதுன்னும் இதுல எழுதல."

கொட்டகை தப்பியது. லாஸ்ஸே மட்டும் எதிர்த்து வாக்களித்தான். ரெய்யோ கொட்டகைக்கு ஆதரவாகக் கை தூக்கினார், என் பக்கம் பார்க்காமல்.

சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் ஏமாந்து தலையை நிமிர்த்திவிட்டேன். அடுத்த தீர்மானம் புதுத் தலைவர் தேர்வு என்பதைக் கவனிக்கவில்லை. ரெய்யோ விலகுகிறாராம். அறையில் நிமிர்ந்திருந்தது என் தலை ஒன்றுதான்.

"அய்லா" என்றார். "எழுதிக்கட்டுமா?"

ஏப்ரல் 20, திங்கள்

பனி போய்விட்டது. குளிர்காலம் முழுக்க வழுக்காமல் இருக்கக் கொட்டிய சரளைக்கல் தெருவெங்கும் கிடக்கிறது. ஆணி டயரைக் கழற்றினேன். இனி பஸ்ஸில் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் சைக்கிளில் போனேன்.

கொட்டகையில் ஒரு பெரிய மூன்று சக்கர சைக்கிள். முன்னால் மளிகைக் கூடை. என் இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தலைவர் என்ற முறையில் ஒரு தாள் ஒட்டலாமா என்று யோசித்தேன். என் சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27, திங்கள்

காலையில் பாலத்தின் மேல் பின்னாலிருந்து மணி அடித்தது. ஓரம் போகவில்லை. மறுபடி அடித்தது. "நான் ஓட்டின காலத்துல இவ்ளோ மெதுவா போனா பயணிங்க இறங்கி நடந்துடுவாங்க" என்று ஒரு குரல். கூடையில் ஒரு ரொட்டியோடு ரெய்யோ என்னைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் முதுகே சிரித்தது.

ஏப்ரல் 30, வியாழன்

நாளை மே தினம். கொட்டகைக் கதவில் புதிதாக ஒரு தாள், பென்சிலால்:

'என் வண்டியை யாரோ தொடுகிறார்கள். வேண்டாம். — ரெய்யோ, முதல் மாடி.'

வண்டி புத்தம் புதுசு. கடைக்காரன் போட்ட எண்ணெய்கூட செயினில் அப்படியே இருந்தது. அதெல்லாம் எனக்கும் தெரியும்.

பையிலிருந்து பேனாவை எடுத்து அடியில் எழுதினேன்: 'செயின் காய்ந்திருந்தது.'