கழித்துப்போட்ட சத்தம்

கூட்டுக்காரா,

என் எழுத்து கோட்டிலிருந்து இறங்கி நடக்கிறது, பொறுத்துக்கொள். போன வருஷம் முதியோர் வகுப்பில் பழகிய கை. நீ இருந்தபோது உன் பெயரைக்கூட எனக்கு எழுதத் தெரியாது. இன்று முழுக் கடிதம்! ஒவ்வொரு வரி முடியும்போதும் சிரிப்பு வருகிறது.

உன் கேசட்டின் பூஞ்சை மணம் இன்னும் என் விரலில் இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில், காரோட்டுக் கடற்கரையில் வலையைத் தைத்துக்கொண்டே நீ பாடிய புலம்பல். உன் குரல் வேறு எதிலும் இல்லை. நாடா ஒட்டத் தொடங்கிவிட்டதால், இன்று தனுவச்சபுரத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் உன் மகளிடம் கொண்டுபோனேன். இன்னொரு தடவை ஓடினால் நாடா அறுந்துவிடும் என்று, ஒரே தடவை ஓடவிட்டு உள்ளே ஏற்றினாள். முழுதாக வைக்க அங்கே இடமில்லையாம். சுருக்கி, கல்ஃபில் இருக்கும் அண்ணனுக்கும் அனுப்பிவிட்டு, பெரியதை அழிக்க வேண்டுமாம்.

"இந்தப் ப்ரோக்ராம் காதுக்கு எட்டாத சத்தத்தக் கழிச்சிட்டுச் சுருக்கும், மாமா. பேச்சானாலும் பாட்டானாலும் சரி."

"எனக்க காதுக்கு எது எட்டும்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? செஞ்சவன் யாராக்கும்?"

"யாருக்கும் சொந்தமில்ல. பல நாட்டு ஆளுக சேந்து செய்யுறது, இன்னும் முடியல்ல. துட்டு வேண்டாம். செஞ்ச விதத்தயும் மறைச்சு வைக்கல்ல."

சும்மா கொடுக்கிறார்கள் என்றதும் எனக்குச் சந்தேகம் கூடிவிட்டது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பும் என்று சாயாக்கடையில் வேறு பேசுகிறார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முழுசையும் சுருக்கியதையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். உன் பல்லிடுக்கில் மூச்சு விசிலடிக்கும் இடத்தைக் கவனித்துக் கேட்டு, "இதுதான் முழுசு" என்றேன்.

"அதுதான் சுருக்கினது!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. சந்தையில் மீன் வெட்டித் தரும்போது நீ சொல்வாயே, "வெட்டின மீனப் பாக்காதலே, கழிச்சதப் பாரு. சதை அதுலதான் போவும்." குச்சியால் குடலைக் கிளறுவாய். வெட்டுகிறவள் கத்துவாள்: "பூனைக்குக்கூட இம்புட்டுச் சந்தேகம் கெடையாதுவே!"

"கழிச்சதக் காட்டு மக்கா" என்றேன்.

அவள் விழித்தாள். பிறகு முழுசிலிருந்து சுருக்கியதைக் கழித்து, மிச்சத்தைப் போட்டாள். ஓலைமேல் மணலை வாரி எறிந்தது போல ஒரு சரசரப்பு. அதற்கும் அடியில், சொல் எதுவும் இல்லாமல், உன் ராகம் ஏறி இறங்கியது.

அவள் சிரிப்பு நின்றது. "அப்பா இதுலயும் உண்டு, மாமா."

"உண்டு. இதயும் வை."

"இதயும் வச்சா முழுசயே வச்ச மாதிரிதான். இடமில்ல. அண்ணன் அடக்கத்துக்குக்கூட வர முடியாம அங்க கெடக்கான். மாமா வேண்டாம்னா அனுப்பல்ல."

என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். குடலோடு ஒட்டி எப்போதும் கொஞ்சம் சதை போகத்தான் செய்தது. நீ பார்ப்பாய், முகத்தைச் சுளிப்பாய், ஆனால் மீனை ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை.

"போட்டும், அழி" என்றேன்.

அந்தச் சரசரப்பு இனி எங்கள் இருவர் காதில் மட்டும்தான் இருக்கிறது. வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அதை மறுபடி நினைத்துப் பார்த்தேன், வந்தது.

சுருக்கியது எத்தனை தடவை கேட்டாலும் தேயாது என்கிறாள். கேசட் விற்றவனும் அப்படித்தான் சொன்னான். அதனால் செவ்வாய்தோறும் போய்க் கேட்கப்போகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.